ரிப்போர்ட்டில் இல்லாத தேதி

கேள்வி: எனக்கு வயது 38. திருமணமாகி 12 ஆண்டுகள் ஆகின்றன. என் கணவரைத் தவிர வேறு யாருடனும் எனக்கு உறவு இருந்ததில்லை. சென்ற மாதம் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது கருப்பை வாயிலிருந்து மாதிரி எடுத்தார்கள். பாப் சோதனையில் (செல்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பது) குறை எதுவும் இல்லை. ஆனால் எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. 16, 18 ஆகிய வகைகள் இல்லை, 'இதர உயர் அபாய வகை' இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஓராண்டு கழித்து மறுபடி வரச் சொன்னார் மருத்துவர். இது எப்படி வரும் என்று கேட்டேன். "உடலுறவு மூலமாக" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். திருமணத்துக்கு முன் ஒரு பெண்ணுடன் பழகியதை அவர் முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு எதுவும் இல்லை என்று சத்தியம் செய்கிறார். என்னால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, "எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே, பிறகு உனக்கு எங்கிருந்து வந்தது?" என்று அவரே என்னைத் திருப்பிக் கேட்டுவிட்டார். மூன்று வாரமாக மகளின் அறையில்தான் படுக்கிறேன். அவளுக்கு 11 வயது. ஒரே துண்டையும் சோப்பையும் பயன்படுத்துகிறோம். அவளுக்கும் பரவிவிடுமா? அலுவலகக் கழிப்பறையிலிருந்து எனக்கு இது வந்திருக்குமா? கணவருக்கும் சோதனை செய்ய வேண்டுமா? இனி நாங்கள் சேர்ந்திருக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கேட்காமல் விட்ட ஐந்தாவது கேள்வி ஒன்று அந்த நான்குக்கும் பின்னால் நிற்கிறது. கணவர் உங்களுக்குத் துரோகம் செய்தாரா என்பதுதான் அது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தீராத வரை மற்றவற்றுக்கு நான் என்ன சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது.

உங்கள் கையிலிருக்கும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. உங்களைச் சமாதானப்படுத்த இப்படிச் சொல்லவில்லை. அந்தச் சோதனை செய்யும் வேலையே சிறியது. கருப்பை வாயில் சிறிய பிரஷ் ஒன்றைச் சுழற்றி எடுத்த செல்களில், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய இந்த வைரஸின் மரபணுப் பொருள் கண்டறியும் அளவுக்கு இருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கிறது. மாதிரி எடுத்த அன்று இருந்தது என்பதோடு அதன் அறிவு முடிந்துபோகிறது. போன மாதம் வந்ததா, 12 ஆண்டுகளுக்கு முன் வந்ததா, யாரிடமிருந்து வந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதி என்னிடம் வந்திருந்தார்கள். அந்தக் கணவர் மனைவியின் ரிப்போர்ட்டை எட்டாக மடித்து, ஒரு பஸ் டிக்கெட் அளவுக்குச் சுருக்கி, சட்டைப் பையில் வைத்திருந்தார். மனைவி வாய் திறந்து பேசும்போதெல்லாம் அவருடைய கை தானாகப் பைக்குப் போய்வந்தது. கடைசியில் அதை எடுத்து என் மேசை மேல் பிரித்துவைத்து, 'பாசிட்டிவ்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, "இது எந்தத் தேதியில் வந்தது, டாக்டர்?" என்று கேட்டார். இதில் இருப்பது மாதிரி எடுத்த தேதியும் ரிப்போர்ட் கொடுத்த தேதியும்தான் என்றேன். அவர் நம்பவில்லை. மேலிருந்து கீழே வரிவரியாக இன்னொரு முறை படித்தார். மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அது வெறும் தாள். அதன் பிறகுதான் மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

உங்கள் வீட்டில் நடந்திருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கணவர் திருமணத்துக்கு முன் பழகிய பெண்ணிடமிருந்து இந்த வைரஸ் அவருக்கு வந்திருக்கலாம். உங்கள் திருமணத்தின் தொடக்கக் காலத்தில் அவரிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கலாம். உங்கள் உடல் அதை அடக்கி, எந்தச் சோதனையிலும் அகப்படாத அளவுக்குக் குறைத்து வைத்திருந்திருக்கலாம். இத்தனை ஆண்டுகள் கழித்து எதிர்ப்புச் சக்தியின் பிடி கொஞ்சம் தளர்ந்தபோது அது மறுபடி தலைகாட்டியிருக்கலாம். இப்படி ஒடுங்கிக் கிடந்து எழுவது இந்த வைரஸின் வழக்கம். முன்பு எப்போதாவது சோதித்து நெகட்டிவ் என்று வந்திருந்தாலும் இதே கதைதான். அன்று சோதனையின் கண்ணுக்குத் தென்படாத அளவில் இருந்திருக்கலாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சமீபத்தில் வந்த தொற்றாகவும் இது இருக்கலாம். உங்கள் கணவர் மேல் குற்றம் சுமத்த இந்த ரிப்போர்ட் எப்படி உதவாதோ, அவர் மேல் தவறில்லை என்று நிறுவவும் அப்படியே உதவாது. இது வருவதற்கு முன்பே உங்களுக்குச் சந்தேகம் இருந்திருந்தால் அதற்கான காரணங்களை அவரிடம் நேராகப் பேசுங்கள். முன்பு சந்தேகமே இல்லை, இந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் வந்தது என்றால், அந்தச் சந்தேகத்துக்கு நிற்க இடமில்லை.

உங்களிடம் ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிய மருத்துவர் மேல் எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. படிப்பு முடித்த புதிதில் நானும் அதே பதிலை அதே வேகத்தில் சொல்லியிருக்கிறேன். 'உடலுறவு மூலமாக' என்பது உண்மைதான். ஆனால் இதைக் கேட்பவர் மனத்தில் 'பால்வினை நோய்' என்ற பழைய சொல்லும், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒழுக்கக் கணக்கும் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. மற்ற பால்வினைத் தொற்றுகளுக்குப் பழகிய கணக்கு இதற்குப் பொருந்தாது. இதை விளக்க வேண்டுமென்றால் வைரஸின் பிழைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எச்.பி.வி. என்று நாம் சுருக்கமாகச் சொல்வது ஒரே வைரஸ் இல்லை, 200-க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட ஒரு பெரிய குடும்பம். கையிலும் காலிலும் வரும் சாதாரண மருக்களும் இந்தக் குடும்பத்தாரின் வேலைதான். அவற்றில் சுமார் 40 வகைகள் பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதிகளைத் தேடிப் போகின்றன. அந்த 40-க்குள்ளும் ஏறத்தாழ ஒரு டஜன் மட்டுமே புற்றுநோயை உண்டாக்க வல்லவை. அவற்றில் மிக மோசமானவை 16, 18 என்ற இரண்டும். உலகில் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இவை இரண்டும்தான் காரணம். உங்களுக்கு அவை இல்லை. பிறப்புறுப்பில் வரும் மருக்களில் 90 சதவீதம் 6, 11 என்ற வேறு இரண்டு வகைகளால் வருபவை. அவை பார்க்க அருவருப்பாக இருக்குமே தவிர, புற்றுநோயாக மாறுவது மிக அரிது.

இந்த வைரஸ் இரத்தத்தில் ஓடுவதில்லை. அது குடியிருப்பது தோலிலும், தோல் போன்ற ஈரச் சவ்விலும். மேல்தோல் பல அடுக்குகள் கொண்டது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வைரஸுக்கு வேண்டியது எல்லாவற்றுக்கும் அடியிலுள்ள அடுக்கு. அங்கே போய்ச்சேர அதற்கு ஒரு கீறல் வேண்டும். உடலுறவின் உராய்வில் கண்ணுக்குத் தெரியாத, வலி கூட எடுக்காத நுண்கீறல்கள் எப்போதும் ஏற்படுகின்றன. அந்த வழியே இறங்கி அடி அடுக்கின் செல்லுக்குள் நுழைந்துகொள்கிறது. அந்தச் செல் வளர்ந்து மேல் நோக்கி வரவர வைரஸும் கூடவே வருகிறது. மேல் அடுக்கை எட்டும்போதுதான் முழு அளவில் பெருகுகிறது. செத்து உதிரும் தோல் செல்களோடு சேர்ந்து வெளியே வந்து அடுத்தவரின் தோலில் ஒட்டுகிறது. உதிரப்போகும் செல்லையே வண்டியாக்கிக்கொண்ட இதன் சாமர்த்தியத்தை, இத்தனை ஆண்டு கழித்தும் நான் கொஞ்சம் வியப்போடுதான் பார்க்கிறேன்.

இதில் எந்தக் கட்டத்திலும் செல் வெடிப்பதில்லை, வீக்கமில்லை, இரத்தத்தில் கலப்பதில்லை. அதனால் உடலின் காவற்காரர்களுக்குச் செய்தி போவது தாமதமாகிறது. காய்ச்சல், அரிப்பு, வெள்ளைப்படுதல், வலி என்று எதுவும் வராது. "எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே" என்று உங்கள் கணவர் சொன்னது முழு உண்மையாகவே இருக்கும். உங்களுக்கும்தானே ஒரு தொந்தரவும் இல்லை? சோதனை செய்யாமல் இருந்திருந்தால் நீங்களும் அதையே சொல்லியிருப்பீர்கள். எச்.பி.வி. உள்ள ஆண்களில் பெரும்பாலோருக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

தோலிலிருந்து தோலுக்குப் போவது என்பதால் பரவும் வழிகளும் நாம் நினைப்பதைவிட அகலமானவை. யோனி வழி உறவு, ஆசனவாய் வழி உறவு, வாய்வழி உறவு ஆகிய மூன்றிலும் பரவும். முழுமையான உறவு நடக்காமல் பிறப்புறுப்புகள் உராய்ந்தாலே போதும். பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான உறவிலும் பரவும். ஆணுறை ஓரளவுதான் காக்கும், ஏனென்றால் அது மூடாத இடங்களிலும் வைரஸ் இருக்கும். ஆனால் அந்த ஓரளவை அலட்சியப்படுத்த வேண்டாம். 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அப்போதுதான் பாலுறவைத் தொடங்கியிருந்த இளம்பெண்களைக் கவனித்தார்கள். துணைவர் ஒவ்வொரு முறையும் ஆணுறை அணிந்த பெண்களுக்குத் தொற்று, அரிதாகவே அணிந்தவர்களோடு ஒப்பிட்டால், 70 சதவீதம் குறைவாக இருந்தது. எச்.ஐ.வி., கொனோரியா போன்றவற்றுக்கு அது தரும் பாதுகாப்பு இதைவிடப் பலமானது.

இவ்வளவு எளிதாகப் பரவுவதால்தான் இது இவ்வளவு பேரிடம் இருக்கிறது. பாலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தக் குடும்பத்தின் ஏதோ ஒரு வகை வந்து போகிறது. அதற்குப் பல துணைகள் வேண்டியதில்லை. ஒரே ஒருவர் போதும், அந்த ஒருவருக்கு முன்பு வேறு ஒரே ஒருவர் இருந்திருந்தால். உங்கள் கணவர் மறைக்காமல் சொன்ன அந்தப் பழைய உறவு ஒன்றே கணக்குக்குப் போதுமானது.

ஒழுக்கக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1842-இல் இத்தாலியின் வெரோனா நகர மருத்துவர் டொமெனிகோ ரிகோனி-ஸ்டெர்ன், அந்த ஊரின் இறப்புப் பதிவேடுகளை உட்கார்ந்து அலசினார். கருப்பைப் புற்றுநோயால் இறந்தவர்களில் திருமணமான பெண்கள் அதிகமாகவும் கன்னியாஸ்திரீகள் மிகக் குறைவாகவும் இருப்பதைக் கண்டார். நூறாண்டுகளுக்கும் மேலாக அந்தக் கவனிப்புக்கு விடை கிடைக்கவில்லை. 1983-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெரால்ட் சுர் ஹவுசனின் குழு கருப்பைவாய்க் கட்டியில் 16-ஆம் வகையையும், அடுத்த ஆண்டு 18-ஆம் வகையையும் கண்டுபிடித்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் இந்த நோயைப் பெண்ணின் நடத்தையோடு முடிச்சுப்போடும் பழக்கம் மட்டும் ஊன்றிவிட்டது. வெரோனாவில் இறந்தவர்கள் திருமணம் செய்துகொண்ட சாதாரணக் குடும்பப் பெண்கள் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

கழிப்பறையிலிருந்து வந்திருக்குமா? வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடலுக்கு வெளியே இந்த வைரஸ் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மை. மருத்துவக் கருவிகளைக் கவனமாகச் சுத்திகரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கழிப்பறை இருக்கையில் படுவது தொடை. உயிரோடுள்ள வைரஸ் போதிய அளவில், சரியான இடத்தில், நுண்கீறலோடு சந்திக்க வேண்டும். அது உடலுறவில் நடப்பது போல இருக்கையில் நடப்பதில்லை. சில தம்பதிகள் கழிப்பறை மேல் பழியைப் போட்டு வீட்டில் சமாதானம் செய்துகொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தச் சமாதானம், அவர்களில் ஒருவர் அடுத்த முறை ஏதாவது படிக்கும் வரைதான் நீடிக்கும். 'பல ஆண்டுகளுக்கு முன் வந்தது இப்போது தெரிந்திருக்கலாம்' என்பது உறுதியான நிலம். அதன் மேலேயே நிற்கலாம்.

மகளுக்குத் துண்டு, சோப்பு, படுக்கை, கட்டிப்பிடிப்பது, ஒரே தட்டில் சாப்பிடுவது எதனாலும் பரவாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு 6, 11 வகைகள் போய்ச் சேர்ந்து, பின்னால் தொண்டையில் மரு போல வளர்வது உண்டு. ஆனால் அது மிக அபூர்வம். 11 வயதில் நலமாக இருக்கும் குழந்தையைப் பற்றி அந்தக் கவலையே வேண்டாம்.

அவளுக்காக நீங்கள் உண்மையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தடுப்பூசி போடுங்கள். 9 முதல் 14 வயதுவரையுள்ள பெண் குழந்தைகளுக்கே முதலிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த வயதில் ஒரு தவணையே போதும் என்றும் 2022-இல் அறிவித்தது. உங்கள் குழந்தை மருத்துவர் இரண்டு தவணை சொன்னால் அதுவும் சரிதான். "இப்போதே எதற்கு, அவள் குழந்தை" என்று பெற்றோர் தயங்குவதைப் பார்க்கிறேன். குழந்தை என்பதாலேயே இப்போது. வைரஸைச் சந்திப்பதற்கு முன் போட்டால்தான் முழுப் பலன், அதோடு இந்த வயதில் உடல் உண்டாக்கும் எதிர்ப்பும் வலுவானது. ஊசியில் இருப்பது வைரஸின் வெளி ஓட்டைப் போலச் செய்த வெறும் புரதக் கூடு, உள்ளே மரபணு கிடையாது. அதனால் தொற்றை உண்டாக்க முடியாது. 2006 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஸ்வீடனில் செய்து 2020-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்ட பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவாக இருந்தது. மகன் இருந்தால் அவனுக்கும் போடச் சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு இப்போது ஊசி போட்டால் இருக்கும் தொற்று போகாது. அது தடுக்கும் மருந்து, குணப்படுத்தும் மருந்து இல்லை. உங்கள் வயதில் கூடுதல் பலன் சிறிது என்பதால் நான் வற்புறுத்த மாட்டேன்.

கணவருக்குச் சோதனை வேண்டுமா? இதற்கு என் பதில் பலரை ஏமாற்றும். வேண்டாம். அறிகுறி இல்லாத ஆண்களிடம் எச்.பி.வி. இருக்கிறதா என்று பார்க்க, வழக்கமான பயன்பாட்டுக்கென்று ஒப்புதல் பெற்ற சோதனை எதுவும் இல்லை. ஏதோ ஒரு லேபில் பணம் கட்டிச் செய்தாலும் என்ன தெரியும் என்று யோசியுங்கள். நெகட்டிவ் என்றால் அவர் உடல் அதை எப்போதோ விரட்டியிருக்கலாம். பாசிட்டிவ் என்றால் உங்களிடமிருந்து அவருக்கு வந்ததா, அவரிடமிருந்து உங்களுக்கு வந்ததா என்று சொல்ல முடியாது. உங்கள் ரிப்போர்ட்டிலுள்ள 'இதர உயர் அபாய வகை' என்ற சொல் பெரும்பாலும் 12 வகைகளை ஒரே மூட்டையாகக் கட்டிச் சொல்வது. அதில் எது உங்களிடம் இருக்கிறது என்றுகூட அது சொல்லவில்லை. எந்த விடை வந்தாலும் வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது என்பதால் சிகிச்சையும் மாறப்போவதில்லை. புதிய சண்டைக்கு ஒரு தாள் கூடும், அவ்வளவுதான்.

ஆண்களுக்கு இந்த வைரஸால் ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்பு ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களில் ஒரு பகுதிக்கு இந்த வைரஸ், முக்கியமாக அதன் 16-ஆம் வகை, பொறுப்பு. பிறப்புறுப்பில் மருவோ ஆறாத புண்ணோ இருந்தால், வாரக்கணக்கில் தொண்டை வலி, விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி என்று ஏதாவது இருந்தால் அவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். புகைப்பவராக இருந்தால் நிறுத்த வேண்டும். நீங்கள் புகைப்பவராக இருந்தால் உங்களுக்கும் இதுவே, ஏனென்றால் புகை இந்த வைரஸை உடலில் தங்கவைக்கும்.

இருவரில் ஒருவருக்கேனும் அண்மைக் காலத்தில் வெளியே உறவு இருந்திருக்கலாம் என்ற உண்மையான கவலை இருந்தால், செய்ய வேண்டிய சோதனைகள் வேறு. எச்.ஐ.வி., சிஃபிலிஸ், கொனோரியா, கிளமீடியா ஆகியவற்றுக்கு இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்பதால் அந்த விடைகளுக்குப் பயன் உண்டு.

சேர்ந்திருக்கலாமா? தாராளமாக. இத்தனை ஆண்டு தாம்பத்தியத்தில் உங்களிடமிருக்கும் வகை அவரிடமும் வந்து போயிருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்று வாரம் தள்ளிப் படுப்பதால் அவரைக் காப்பாற்றியதாக ஆகாது, உங்கள் தொற்று சீக்கிரம் போகவும் போகாது. இருவரும் ஒருவருக்கொருவர் முடிவில்லாமல் மாறிமாறிக் கொடுத்துக்கொண்டே இருப்போமோ என்று பலர் என்னிடம் கேட்பார்கள். ஒரு முறை வந்து போன வகை மறுபடி வராது என்று உறுதி சொல்ல முடியாது, தொற்று வந்த எல்லாருக்கும் நிலையான எதிர்ப்பு உண்டாவதில்லை. ஆனால் அதற்காக நீண்ட காலத் தம்பதியைப் பிரித்து வைக்கும் மருத்துவ அறிவுரை எங்கும் இல்லை. ஆணுறை அணிந்தால் மனத்துக்கு நிம்மதி என்றால் அணியட்டும். நான் கட்டாயப்படுத்த மாட்டேன்.

இனி நீங்கள் கேட்க மறந்தது. உங்களுக்கு என்ன ஆகும்?

தொற்று வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே அதை அடக்கிவிடுகிறது. மீதிப் பேரிடம் அது தங்குகிறது. கருப்பை வாயில் வெளிப்பக்கத்துத் தட்டையான செல்களும் உட்பக்கத்துத் தூண் வடிவச் செல்களும் சந்திக்கும் ஒரு வளையம் உண்டு. அங்கே செல்கள் ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கும். தங்கிய வைரஸ் அங்கேதான் சேட்டை செய்கிறது. நம் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகாதபடி பிரேக் போலச் சில புரதங்கள் காவலிருக்கின்றன. உயர் அபாய வகைகள் அந்தப் புரதங்களை முடக்கிவிடுகின்றன. அப்படியும் அது புற்றுநோயாக மாற, எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ளவர்களுக்கு வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளில் ஆகிவிடலாம், அவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.

உங்கள் பாப் சோதனையில் குறையில்லை என்றால், எடுத்த மாதிரியில் மாறிப்போன செல்கள் தென்படவில்லை என்று பொருள். ஓராண்டு கழித்து வரச் சொன்னது அலட்சியம் இல்லை. உடலே அதை விரட்ட அவகாசம் கொடுப்பது. அதற்குள் தோண்டித் துருவினால் தானாகப் போயிருக்கக்கூடியதற்கு வீணாகச் சிகிச்சை செய்ய நேரிடும். மறுபடி பாசிட்டிவ் என்று வந்தால் கால்போஸ்கோப்பி செய்வார்கள். பூதக்கண்ணாடி போன்ற கருவியால் கருப்பை வாயைப் பார்த்து, சந்தேகமான இடமிருந்தால் நெல்மணி அளவு சதையெடுத்துச் சோதிப்பார்கள். முற்றிய மாற்றம் இருந்தால் அந்தச் சிறு பகுதியை உறையவைத்தோ, சூடு வைத்தோ, மின்கம்பி வளையத்தால் வெட்டியோ அகற்றிவிடலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பிவிடலாம். புற்றுநோயாகும் முன்பே அதை வழிமறிக்க இத்தனை ஆண்டு அவகாசம் கிடைப்பது வேறு எந்தப் புற்றுநோயிலும் அரிது. அப்படியிருந்தும் 2022-இல் உலகம் முழுவதும் சுமார் 3,50,000 பெண்கள் இந்த நோயால் இறந்திருக்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் உங்களைப் போல ஒரு சோதனைக்குக் கூடப் போக வாய்ப்பில்லாதவர்கள்.

ஓராண்டு வரை காத்திருக்காமல் போக வேண்டிய நிலைகளும் உண்டு. உடலுறவுக்குப் பிறகு இரத்தம் கசிந்தால், மாதவிடாய் இல்லாத நாளில் இரத்தம் பட்டால், துர்நாற்றத்தோடு நீர் கசிந்தால் உடனே போங்கள்.

கணவரிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை. என்றாலும் சொல்கிறேன். "உனக்கு எங்கிருந்து வந்தது" என்று அவர் கேட்டது உங்களைச் சுட்டிருக்கும். அதற்கு இரண்டு நாள் முன்பு நீங்கள் அவரிடம் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான் என்பதைக் கோபித்துக்கொள்ளாமல் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு விடை இல்லாத ஒரே தாளைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஒருவரையொருவர் விசாரித்திருக்கிறீர்கள். இந்தப் பதிலை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே வாசித்துக் காட்டுங்கள். எதிரெதிரே உட்கார வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். அதற்குப் பிறகும் அவர் உங்களைச் சந்தேகித்தால், இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் போய், அவர் மனத்திலிருப்பதை அங்கேயே கேட்கட்டும். அந்த மருத்துவர் இந்த முறையும் அவசரப்பட்டால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

அடுத்த ஆண்டுப் பரிசோதனை நாளை இன்றைக்கே காலண்டரில் குறித்துவிடுங்கள். மாதவிடாய் நாளாக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் யோனிக்குள் மருந்து வைப்பது, உள்ளே கழுவுவது, உடலுறவு மூன்றும் வேண்டாம். போகும்போது இந்த ஆண்டு ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துப்போங்கள், மடிக்காமல்.